இணைமூச்சு

"எங்கப்பா சிகரெட்டைக் கையால தொட்டதுகூட இல்ல டாக்டர்" என்று மிருதுளா சொன்னபோது, பரணிதரன் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நூர்ஜஹான் இருபது வருடமாக நுரையீரல் புற்றுநோய் பார்ப்பவர். இந்த வாக்கியத்தைப் பல மகள்களும் பல மனைவிகளும் இதே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லக் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் செய்வதைப் போலவே, மகளை விட்டுவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்த்தார்.

பரணிதரனுக்கு அறுபத்து நாலு வயது. இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருந்தது. சளி என்று நினைத்தார். பிறகு காலையில் எழுந்தால் முகமும் கழுத்தும் உப்பியிருக்கத் தொடங்கின. போன புதன்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எதிரே நின்ற மகளைக் கூப்பிட வாயைத் திறந்து, அவள் பெயர் வராமல் திகைத்துப்போனார். ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது என்றார்கள். ஏன் இறங்கியது என்று தேடிப் போனதில், வலது நுரையீரலின் வேர்ப் பக்கம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் அதன் பெயரும் தெரிந்துவிட்டது.

"இது ஸ்மால் செல்ங்கிற வகைம்மா" என்றார் டாக்டர். "பேருதான் சின்ன செல். பரவுற வேகம் ரொம்பப் பெருசு. புகை இல்லாம இது வர்றது ரொம்ப அபூர்வம். நான் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல சார். உங்களுக்கான வைத்தியம் அந்தப் பதில்லதான் இருக்கு."

அறையில் குளிர்சாதனத்தின் ஓசை மட்டும் கேட்டது. முப்பத்தைந்து வருடம் ஒலிப்பதிவாளராக இருந்தவருக்கு அந்த ஓசையில் ஒரு சின்னப் பிசிறு இருப்பதுகூடக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிடலாம் போலிருந்தது.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் கடைசியில். "நாளைக்கு ரெண்டு பாக்கெட். விட்டு பதினாறு வருஷம் ஆச்சு."

மிருதுளா திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

மகளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. வளசரவாக்கத்தில் இந்தித் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் அவர் தலைமை ஒலிப்பதிவாளராக இருந்தார். புகை எல்லாம் அங்கேதான். வீட்டுக்குக் கிளம்புமுன் அங்கேயே குளித்து, பல் துலக்கி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். ஒரு நாள்கூட வீட்டில் பற்ற வைத்ததில்லை. அதைத் தன் நல்ல குணங்களில் ஒன்றாக அவர் நெடுங்காலம் நினைத்து வந்தார்.

"மருந்து கொடுத்தா இந்தக் கட்டி சீக்கிரமே சுருங்கும்" என்று டாக்டர் தொடர்ந்தார். "நெஞ்சுக்கு ரேடியேஷன் கதிர் வைப்போம். ரெண்டு மாசத்துல ஸ்கேன் படத்துல ஒண்ணுமே தெரியாது. எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. ஆனா இது திரும்பி வர்ற வியாதி. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல திரும்பிடும். அப்ப அதே மருந்தை மதிக்காது. அது திரும்பாம இருக்க இப்ப ஒரு வழி இருக்கு. இணைமூச்சுன்னு சொல்றோம்."

"அப்படின்னா?" என்று மிருதுளா கேட்டாள்.

"ஒரே மூடின அறையில ரெண்டு பேர் வருஷக்கணக்கா ஒரே புகையைச் சுவாசிச்சாங்கன்னு வைங்க. ரெண்டு பேர் நுரையீரல்லயும் ஒரே மாதிரியான கீறல்கள் விழுது. அதுலேருந்து கெட்ட செல்கள் முளைக்குது. ஒருத்தர் உடம்பு தோத்துடுது. இன்னொருத்தர் உடம்பு அந்தச் செல்களைக் கண்டுபிடிச்சு அழிச்சுடுது. அப்படி அழிச்ச எதிர்ப்பு அணுக்கள் அந்த அடையாளத்தை மறக்காம ரத்தத்துலயே இருக்கும். அதைக் கொஞ்சம் எடுத்து, வளர்த்து, உங்க அப்பாவுக்கு ஏத்தினா, ஒளிஞ்சிருக்கறதையும் தேடிப்போய் அழிச்சிடும்."

"நான் குடுக்கறேன். பொறந்ததுலேருந்து அப்பாகூடத்தான் இருக்கேன்."

அன்றைக்கே அவளுடைய ரத்தத்தையும் நெஞ்சுப் படத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்க நுரையீரல்ல ஒரு கீறல்கூட இல்ல. மலை மேல வளர்ந்த பொண்ணு மாதிரி இருக்கீங்க. அதனால உங்க ரத்தம் உதவாது."

ஒரு கணம் பரணிதரனுக்குப் பெருமையாக இருந்தது. வண்டியில் ஏறும்வரைக்கும் அந்தப் பெருமை தாங்கியது.

"வீட்டுல ஏம்ப்பா புடிக்கல?" என்று மிருதுளா கேட்டாள். வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஆகாதுன்னுதான்."

"அப்ப ஆகாதுன்னு உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஸ்டூடியோ ரூம்ல உங்ககூட யாரு இருந்தாங்க?"

மருத்துவமனை கொடுத்த படிவம் மடியில் இருந்தது. குறைந்தது ஐந்து வருடம் ஒரே அறையின் காற்றைப் பகிர்ந்தவர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்த உதவியாளர்கள் பலர் வந்து ஓராண்டு, ஈராண்டில் போய்விட்டார்கள். ஐந்து வருடம் தாண்டியவர் ஒரே ஒருவர்தான். ஒன்பது வருடம் அவருக்கு இடதுபுறத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். பெயர் சுகிர்தா.

மருத்துவமனையே அவளிடம் பேசக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் தலையசைத்து மறுத்தார். "ஆஸ்பத்திரி கேட்டா அது வற்புறுத்தல் மாதிரி ஆயிடும்னு விதி சார். நோயாளியே நேர்ல போய்க் கேக்கணும். முடியாதுன்னு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கணும்."

முதல் சுற்று மருந்து ஏறி, முடி கொட்டத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் போகத் துணிவு வந்தது. துணிவு என்று சொல்வதுகூடத் தப்பு. பயம் வெட்கத்தைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

சுகிர்தா கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடை வைத்திருந்தாள். ஐம்பத்து நாலு வயது. மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு மீனவருக்குக் கருவியைப் பொருத்தி, "இப்ப அலைச் சத்தம் இரைச்சலா கேக்குதாண்ணே, இல்ல அலையாவே கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் வாசலில் நின்றார்.

மீனவர் போகும்வரை அவள் நிமிரவில்லை. போன பிறகும் திருகாணியை டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் பேசினாள்.

"உக்காருங்க சார். நீங்க படியேறும்போதே மூச்சுச் சத்தம் கேட்டுது. யாருன்னு தெரிஞ்சுடுச்சு."

"நல்லா இருக்கீங்களா?"

"என்னையா 'நீங்க'ன்னு சொல்றீங்க?" என்று அவள் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை. உண்மையிலேயே வியந்து சிரித்தாள். "ஒம்போது வருஷத்துல ஒரு தடவகூட வராத மரியாதை. உடம்புக்கு ரொம்பப் பெருசாத்தான் வந்திருக்கும் போல."

அவர் நோயைச் சொன்னார். இணைமூச்சைச் சொன்னார். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள்தான். முடித்துவிட்டுப் படிவத்தை மேஜையில் வைத்தார். வருவதற்கு முன்பே அவர் பாகத்தை நிரப்பியிருந்தார். 'புகைக்கு ஆளான சூழ்நிலை' என்ற இடத்தில், 'ஒரே பணியிடம்' என்று எழுதியிருந்தார்.

சுகிர்தா அதைப் படித்தாள். வாசலைப் பார்த்தாள். "வண்டியில இருக்கறது உங்க பொண்ணா? வெயில்ல ஏன் உக்கார வெச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

"வேணாம், அவ அங்கயே..."

"வரச் சொல்லுங்க சார்."

மிருதுளா வந்து வணக்கம் சொல்லி, சுவரோரமாக உட்கார்ந்தாள். சுகிர்தா படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எத்தன டேக் சார்?"

பரணிதரனுக்கு, புரியாததுபோல் நடிக்கலாமா என்ற யோசனை வந்தது. வந்ததே கேவலமாக இருந்தது.

"ஏழு" என்றார்.

"ஒம்போது."

"என்ன ஏழு, என்ன ஒம்போது?" என்று மிருதுளா கேட்டாள்.

சுகிர்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பக்கம் திரும்பாமல், மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி பரணிதரன் சொல்லத் தொடங்கினார். கம்மிய குரல் நடுநடுவே காற்றாகப் போயிற்று.

"இவங்க அப்ப அஞ்சு மாசம் கர்ப்பம். அந்த ரூம்ல ஜன்னல் கிடையாது. வெளிச் சத்தம் வரக் கூடாதுன்னு சுவரெல்லாம் பஞ்சு வெச்சு அடைச்சிருப்போம். புகைக்கிறத நிறுத்தச் சொல்லுங்கன்னு முதலாளிக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க. அவர் அதைக் கொண்டுவந்து எங்கிட்டயே குடுத்துட்டார். நான்..."

"சொல்லுங்க" என்றாள் சுகிர்தா.

"நான் எல்லாக் குரல் கலைஞர்களையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன். அந்த லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். இவங்களைக் குரல் பதியற கண்ணாடி அறைக்குள்ள அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அங்கதான் புகை வராதுன்னு சொன்னேன். மைக் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கச் சொன்னேன். கேட்டாங்க. உணர்ச்சி பத்தல, இன்னொரு டேக்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பத் திரும்ப..."

சுகிர்தாதான் முடித்தாள். "ஒம்போதாவதுல ஓகே ஆச்சு. அந்தப் பொங்கலுக்கு ஸ்டூடியோ விருந்துல அதைப் போட்டுக் காட்டினீங்களாம். நான் லீவுல இருந்தேன். கேட்டவங்க வந்து சொன்னாங்க."

மிருதுளா எழுந்து வெளியே போகவில்லை. போயிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கையை மடியில் வைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த 'ஒரே பணியிடம்'கறதை அடிச்சிட்டு, இப்பச் சொன்னதை எழுதுங்க" என்றாள் சுகிர்தா. "எழுதினா வர்றேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு."

அவர் எழுதினார். இடம் போதவில்லை; தாளின் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்துவிட்டு, "உங்களுக்கு எப்படி நன்றி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பொழைக்கணும்னு நான் வரல சார். சாகணும்னும் நினைக்கல. அந்த ரூமை விட்டு வந்ததுலேருந்து ஒரு கேள்வி இருக்கு எனக்கு. என் உடம்பு அதை ஜெயிச்சுதா, தோத்துதான்னு. இத்தன நாள் பாக்கப் பயமா இருந்துது. இப்ப பாத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை அவள் தனியாக ரயிலில் வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் கொடுப்பவருக்கு நெஞ்சுப் படமும் எடுக்க வேண்டும் என்பது விதி; எடுத்தார்கள். மாலை நாலு மணிக்கு முடிவு வரும் என்றார்கள். பரணிதரனும் மகளும் நடைபாதை நாற்காலிகளில் காத்திருந்தார்கள். கடலூரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து மிருதுளா அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், வாந்தி எடுத்தால் கழுவிவிட்டாள். பேச்சு மட்டும் இல்லை.

நாலரைக்கு சுகிர்தாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு ஒரு மணி நேரம் திறக்கவில்லை. பிறகு டாக்டர் வந்து, சுகிர்தா சொல்லச் சொன்னதாகச் சொல்லி, இவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அவங்க ரத்தத்துல நாம தேடினது இல்ல சார். அவங்க உடம்பும் ஜெயிக்கல. வலது நுரையீரல்ல மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒண்ணு இருக்கு. அனேகமா உங்களுக்கு வந்திருக்கற அதே வகை."

பரணிதரனுக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. என்னால்தான் என்றும் தோன்றவில்லை. 'என் மருந்து போச்சே' என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு வந்து போக எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம்தான். ஒன்பது டேக்கையும் மகள் முன்னால் சொன்னபோதுகூட, அப்படிச் செய்தவன் வேறு யாரோ பழைய ஆள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்திருந்தது. இப்போது அந்தப் பழைய ஆள் இங்கேயே, இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தபோது, அவருக்குத் தன் உடம்புக்குள் இருப்பதே கூசியது.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வியாதியை இவ்வளவு சின்னதா, எங்கயும் பரவாத நிலையில நான் ரெண்டு மூணு தடவைதான் பாத்திருக்கேன். இருமல்கூட இல்ல அவங்களுக்கு. ஆபரேஷன் பண்ணி அந்தப் பகுதியை எடுத்துட்டு, நாலு சுற்று மருந்து கொடுத்தா, முழுசா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆறு மாசம் கழிச்சுப் பாத்திருந்தா கதையே வேற."

சுகிர்தா கைப்பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தாள். அழுதிருந்தது தெரிந்தது. மிருதுளா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தா அதை விலக்கவில்லை.

பரணிதரனும் எழுந்தார்.

"நீங்க வந்து கேட்டதாலதான் நான் பொழைச்சேன்னு இனிமே எல்லாரும் சொல்லுவாங்க சார்" என்றாள் சுகிர்தா. "என் பையனே சொல்லுவான். நீங்க அதை நம்பிடாதீங்க."

"இல்ல" என்றார் அவர்.

அவள் நாலடி நடந்து, மறுபடி நின்றாள். "நான் போனதுக்கப்புறம் அந்த நாற்காலியில யாரு உக்காந்தா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் உடனடியாகப் பதில் இருந்தது. ஒவ்வொரு முகமும் தெரிந்தது. ஆனால் வாய் திறக்குமுன் அவள் மின்தூக்கிக்குள் போய்விட்டாள்.

அவளுக்கு அந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், நிணநீர் முடிச்சுகள் சுத்தமாக இருந்தன என்று மிருதுளா மூலம் அவருக்குத் தெரிந்தது. மிருதுளா வாரம் ஒருமுறை கடலூருக்குப் பேசுவாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் கேட்டதில்லை. அவருக்கு நாலு சுற்று மருந்தும் நெஞ்சுக்குக் கதிரும் முடிந்தன. டாக்டர் சொன்னதுபோலவே படத்தில் கட்டி மறைந்திருந்தது. அது திரும்பி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது.

கடைசிக் கதிர் வைத்த மறுநாள் காலை, ஒரு தாளை எடுத்துப் பெயர்களையும், ஒவ்வொருவரும் எத்தனை காலம் இருந்தார்கள் என்பதையும் எழுதினார். சுகிர்தாவுக்கு முன்னும் பின்னும் அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் பதினொரு பேர். எழுதியதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"இவங்கள்ல யாரும் ரெண்டு வருஷத்துக்கு மேல இல்லையே சார்" என்றார் டாக்டர். "இணைமூச்சுக்கு உங்களுக்கு இவங்க யாரும் பயன்பட மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும். படம் எடுத்துப் பாக்கணும்னு சொன்னா இங்க எடுப்பீங்களா?"

"எடுப்பேன். ஆனா விதி அதேதான். ரத்தம் கேக்கலங்கறதால போன்ல சொன்னாப் போதும்; நீங்கதான் கூப்பிடணும். ஏன் கூப்பிடறீங்கன்னும் சொல்லணும்."

எண்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது மிருதுளாதான். ஒரு வாரம் பிடித்தது. தேடிய எண்களைத் தாளில் எழுதி, அவர் முன்னால் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் இருந்த பெயர் முகிலன். பதினாலு மாதம் அவருக்கு உதவியாளனாக இருந்தவன். இப்போது பெங்களூரில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறான். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"யாரு... பரணி சாரா? சார்! என்ன சார் குரல் இப்படிக் கம்மியிருக்கு? இருபது வருஷம் ஆச்சே சார்! உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார் எனக்கு இன்னிக்குச் சோறு போடுது. வாரத்துல ஒரு நாளாவது உங்க பேரைச் சொல்லாம இருக்க மாட்டேன்."

பரணிதரன் பேசப் போனார். அதற்குள் முகிலன் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டான். "ஏய், ரெண்டு பேரும் ஓடி வாங்க. என் குரு பேசறாரு. இருங்க சார், ஸ்பீக்கர்ல போடறேன். வணக்கம் சொல்லுங்கடா."

இரண்டு சின்னக் குரல்கள் சேர்ந்து வணக்கம் சொன்னது கேட்டது. மிருதுளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'முதல்ல ஸ்பீக்கரை அணைச்சிடு முகிலா, குழந்தைங்க வேணாம்' என்ற வார்த்தைகள் அவர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. விழுங்கினார்.

"முகிலன்" என்றார். "இருக்கட்டும், அவங்களும் கேக்கட்டும். நான் உங்களுக்கு ஒரு கெடுதல் செஞ்சிருக்கேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."